சரி சொல்லாத பாஸ்

அவர் தொலைபேசியை வைக்கும் விதம் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். "அப்ப சனிக்கிழமை வாங்க பாஸ், சரியா?" என்று நாம் கேட்போம். "வர்றேன்" என்பார். அவ்வளவுதான், மறுமுனையில் சத்தம் நின்றுவிடும். முதல் தடவை லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துத் திரும்ப எடுத்தேன். "கட்டாகல டீச்சர், நான்தான் வச்சேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் வைத்தார். மரியாதை தெரியாத மனுஷன் என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "அவரு வாயில மரியாதை இல்லாட்டி என்ன, கையில இருக்கு" என்றார் அவர்.

கைவேலை தெரிந்த ஆட்களை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தச்சுவேலை பாஸ், மேசன் பாஸ் என்று ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். இவர் டிராக்டர் பாஸ். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. அவர் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நல்ல பங்கு இல்லை. அதை எழுதும் தாளில் அந்த மனுஷனின் பெயரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய நீல டிராக்டர் நிற்கிறது. எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு வயது கூட. முரண்டும் கூட. திகனப் பக்கம் மரக்கறித் தோட்டங்களிலும், மாட்டுக்குப் புல் போடுகிற காணிகளிலும் என் வீட்டுக்காரர் டிரைவர் ஒருவரை வைத்து அதைக் கொண்டு உழுவித்துக் கொடுப்பார். டிராக்டரின் பின்பக்கத்தில் இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டரை அவற்றில்தான் மாட்டுவது. சீட்டின் பக்கத்தில் இருக்கும் லீவரை மேலே இழுத்தால் கைகள் அதைத் தூக்கும். கீழே தள்ளினால் இறக்கும். நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்தப் பாரத்தை அந்தரத்தில் பிடித்து வைத்திருப்பது சங்கிலியும் இல்லை, கம்பியும் இல்லை. உள்ளே அடைபட்டுக் கிடக்கிற எண்ணெய் மட்டும்தான். இது தெரிந்த நாளிலிருந்து தூக்கி நிற்கிற எந்தச் சாமானுக்குக் கீழும் நான் போவதில்லை.

எங்கள் டிராக்டருக்கு அந்த லிஃப்டில்தான் வியாதி. தூக்கி நிறுத்தினால் சும்மா நிற்காது. கொஞ்சம் இறங்கும், திடுக்கிட்டு ஏறும், மறுபடி இறங்கும். பாஸ் முதல் நாள் வந்து அதைப் பார்த்துவிட்டு, "ஆமாஞ்சாமி போடுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "ஆமாஞ்சாமி போடுற மனுஷனையும் நம்பக்கூடாது டீச்சர், லிஃப்டையும் நம்பக்கூடாது. ரெண்டும் ஒரு நாளைக்கு காலை வாரிடும்" என்றார்.

பாஸின் வீடு கலஹாவில். அங்கிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், கண்டிக்கு ஒரு பஸ், குண்டசாலைக்கு இன்னொரு பஸ். தோளில் ஒரு சாக்கு. அதில் ஸ்பேனர்கள், ஒரு துண்டு வெண்கட்டி, எண்ணெய்த் துணி, அதோடு ஒரு பலாக்கட்டை. ஒரு முழ உயரம், ஆட்டுக்கல் கனம். அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி ஒரு கொண்டக்டர் சண்டை பிடித்ததாகச் சொல்வார். எங்கள் வளவில் மரக்கட்டைக்கா பஞ்சம், இதை ஏன் மூன்று பஸ் ஏற்றிச் சுமக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஊர்க்கட்டைய நம்ப முடியாது. உள்ளுக்குள்ள உளுத்திருக்கும்" என்றார். ரொட்டவேட்டரைத் தூக்கியதும் அந்தக் கட்டையை அதன் கீழே கொடுத்து, காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்த பிறகுதான் பக்கத்திலேயே போவார். நாய்க்குட்டி கீழே ஓடினாலும் வேலையை நிறுத்திவிடுவார்.

அவர் டிராக்டர் சீட்டில் ஏற மாட்டார். இவ்வளவு தெரிந்த மனுஷன் ஒரு டிராக்டரையாவது ஓட்டி நான் பார்த்ததில்லை. லீவரைப் பிடிக்க வேறு யாராவது வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் கோளாறு, அந்தச் சீட்டில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தால் மூன்று நாள் படுப்பார். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாது. அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. "தெரிஞ்ச டிரைவர்தான் ஆபத்து. நான் சொல்றதுக்கு முந்தியே செஞ்சிடுவான். டீச்சர் என் கைய மட்டும் பாருங்க" என்பார்.

கைதான் அவருடைய பாஷை. உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு. கீழே பார்த்தால் இறக்கு. மூடிய கை என்றால் அப்படியே வை. பெரிய டயர் போட்ட பின்சில்லுக்குப் பக்கத்தில் அந்தக் கையை நீட்டி வைத்திருப்பார், நான் திரும்பி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "கை தெரியலேன்னா ஒண்ணும் செய்யாதீங்க. நான் கத்தினாலும் செய்யாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். வாயால் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதற்கு நல்ல காரணம் வைத்திருந்தார். சிங்களத்தில் தூக்கு என்பதற்கு உஸ்ஸன்ன, இறக்கு என்பதற்கு பஸ்ஸன்ன. எஞ்சின் சத்தத்தில் இரண்டும் ஸன்ன என்றுதான் காதில் விழும். "பாதி சொல்லை வச்சு முழு ஆளை நசுக்கிடலாம்" என்றார். நியாயம்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

லிஃப்டைச் சரிக்கட்டும்போது அவரைப் பார்க்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், ஆனால் முன்னே பின்னே ஒரு மயிரிழைகூட ஆடக்கூடாது. அந்த இடம் வரும்வரை அரைச்சுற்று இறுக்குவார், கால்சுற்று இளக்குவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். வந்துவிட்டது என்று அவர் தோள் இறங்குவதில் எனக்குத் தெரியும். "சரியா பாஸ்?" என்று கேட்பேன்.

"நிக்குது" என்பார்.

எது கேட்டாலும் அதுதான். நட்டு சரியா என்றாலும் நிக்குது, எண்ணெய் சரியா என்றாலும் நிக்குது. பிளேன்டீக்குச் சீனி சரியா என்று கேட்டேன், "இனிப்பு நிக்குது டீச்சர்" என்றார். நாளைக்கு நூறு கொப்பியில் சரி போடுகிறவள் நான். ஒரு மனுஷன் வாயில் அந்தச் சொல் வருவதே இல்லை என்பது எனக்கு எவ்வளவு நாள் மறைந்திருக்கும்? கண்டுபிடித்ததும் விளையாட்டாக வலை விரிக்கத் தொடங்கினேன். "சரியான மழை, இல்லையா பாஸ்?" "ஆமா, பெரிய மழை." "மூணும் மூணும் ஆறு, சரியா பிழையா?" "ஆறுதான்." என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். பாஸ் கொஞ்ச நேரம் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்திருந்தார், பிறகு அதை எடுத்துவிட்டு சாக்கைக் கட்டத் தொடங்கினார். மனுஷனுக்குக் கோபமோ என்று நினைத்தேன். கோபம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் அம்மா செத்தபோது பாஸ் சாவு வீட்டுக்கு வந்தார். நம் ஆட்கள் துக்கத்தில் என்ன சொல்வார்கள்? "சரி சரி, அழாத" என்பார்கள். "சரி, கர்த்தர் கூப்பிட்டாரு, போயிட்டாங்க" என்பார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. குனிந்து, நான் உட்கார்ந்திருந்த கதிரையின் ஆடுகிற காலுக்கு ஒரு அட்டைத்துண்டை மடித்து வைத்தார். அசைத்துப் பார்த்தார். போய்விட்டார். அன்று ஆறுதல் சொன்னவர்களில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அவர் ஒருவர்தான்.

காரணம் பிலிமத்தலாவையில் கிடைத்தது. லிஃப்டின் உள்ளே போடுகிற ரப்பர் வளையம் வாங்க நானும் என் வீட்டுக்காரரும் அங்கே டிராக்டர் சாமான் விற்கிற ஒரு பாட்ஸ் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், நானா என்று கூப்பிடுவோம், அவருக்கு பாஸை இளம் வயதிலிருந்து தெரியும். பேச்சு வாக்கில், உங்கள் பாஸ் வாயிலிருந்து ஒரு சரி வாங்கித் தந்தால் உங்களுக்கு விருந்து வைக்கிறேன் என்று நான் பகிடி விட்டேன். நானா ரப்பர் வளையத்தைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"டீச்சருக்குத் தெரியாதா? அத வச்சிப் பகிடி பண்ண வாணாம்" என்றார். "முந்தி கெலிஓயாவில ஒரு கராஜ் இருந்திச்சி. அவரும் அவர்ட தம்பியும் அங்க ஒண்டாத்தான் வேல செஞ்ச. ஒரு நாள் இவர் சீட்டுல, தம்பி அடியில. தம்பி கைய மேல நீட்டி ஸ்பிரிங்க வெரலால சுத்திச் சுத்திப் பாத்து, அது கணக்கா வந்த ஒடன தன்பாட்டில 'சரி'ண்டு சொல்லியிருக்கார். இவர் அத எறக்கச் சொல்றாருண்டு வெளங்கி லீவரத் தள்ளிட்டார். பின்னால ரொட்டவேட்டர் மாட்டியிருந்திச்சி. தம்பி அந்த எடத்திலயே மவுத்து."

என் வீட்டுக்காரர் கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொலிஸ்ல கேட்டாங்களாம்" என்றார் நானா. "சரிண்டா என்ன கருத்து, எறக்கு எண்டா, முடிஞ்சிச்சி எண்டாண்டு. அவர்ட்ட பதில் இல்ல. வேணுமெண்டு செஞ்சதில்லண்டு விட்டுட்டாங்க. ஆனா அந்தக் கேள்வி அவர விடல்ல. அதுக்குப் பொறகு அவர் சீட்டுல ஏறினதுமில்ல, அவர்ட வாயால அந்தச் சொல் வந்ததுமில்ல."

திங்கட்கிழமை வகுப்பில் கொப்பி திருத்தும்போது என் கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை நாம் எதற்குத்தான் பயன்படுத்துவதில்லை? ஒத்துக்கொண்டேன் என்பதற்கும் சரி, போதும் என்பதற்கும் சரி. தொடங்கு என்பதற்கும் அதே, முடிந்தது என்பதற்கும் அதே. பிள்ளைகள் சத்தம் போட்டால் "சரி!" என்று மேசையில் தட்டுவேன், வாயை மூடு என்று அர்த்தம். இருபது வருஷம் தமிழ் படிப்பித்தும் இது எவ்வளவு பொல்லாத சொல் என்று எனக்குத் தோன்றியதில்லை. அதன் பிறகு பாஸிடம் நான் விளையாடவில்லை. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அடுத்த தடவை வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிலிமத்தலாவைக்குப் போனீங்களோ" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தடவை வேலை முடித்துப் போகும்போது பலாக்கட்டையைச் சாக்கில் போடவில்லை. கொட்டகையின் சுவரோரமாக நிறுத்தி வைத்தார்.

"கட்டைய மறந்துட்டீங்க பாஸ்."

"மறக்கல. இங்கயே இருக்கட்டும்."

"அப்ப மத்த வேலைக்கு?"

"பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நானறிய அந்தக் கட்டை இல்லாமல் அவர் ஒரு வேலை செய்ததில்லை. வயது போகிறது, மூன்று பஸ் ஏற்றிச் சுமக்க முடியவில்லையாக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியும் இருக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு பள்ளி விடுமுறை நாள். மத்தியானம், மகாவலிப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. லிஃப்ட் மறுபடி தலையாட்டத் தொடங்கியிருந்தது, அதோடு லீவரும் இருக்கிற இடத்தில் நிற்காமல் எஞ்சின் அதிர்வில் தானாகக் கீழே நழுவி வந்தது. பாஸ் காலையில் வந்ததும் முதலில் அந்த லீவரின் நட்டை இறுக்கினார். "இனி நீங்க தள்ளினாத்தான் போகும்" என்றார். பிறகு ரப்பர் வளையம் மாற்றினார், ஸ்பிரிங் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அசையாமல் நின்றது.

அவர் சாக்கைத் தரையில் விரித்து அதற்குக் கீழே மல்லாந்து படுக்கப் போனார். கட்டை சுவரோரமாகவே இருந்தது.

"கட்டை வைக்கலயா பாஸ்?"

"பாரம் எண்ணெய்ல நிக்கணும் டீச்சர். கட்டையில நின்னா லீக்கு தெரியாது."

சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனையை அவர் எப்போதும் பக்கத்தில் நின்றுதான் செய்வார், இரும்புக் கையில் வெண்கட்டியால் கோடு போட்டு, இறங்குகிறதா என்று விலகி நின்று பார்ப்பார். கீழே படுத்ததில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். தலை கியர்பெட்டிப் பக்கம், இடுப்பும் காலும் ரொட்டவேட்டரின் கத்திகளுக்கு நேர் கீழே. பின்சில்லுக்குப் பக்கத்தில் கை மட்டும் வெளியே நீண்டு, மூடியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை உள்ளே போனது.

பிறகு கீழேயிருந்து ஒரு சொல் வந்தது. உரக்க இல்லை, எஞ்சினுக்கு மேலே கேட்கிற அளவுக்கு, தெளிவாக.

"சரி."

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் கை லீவருக்குப் போனது. யோசித்துப் போகவில்லை, தானாகப் போனது. பிடித்துக் கீழே தள்ளினேன். லீவர் அசையவில்லை. அவர் காலையில் இறுக்கிய நட்டு அது. இன்னும் கொஞ்சம் பலம் போட்டுத் தள்ளத் தோள் குனிந்தபோதுதான் சில்லுக்குப் பக்கத்தில் வெறும் தரையைப் பார்த்தேன். கை தெரியவில்லை. கை தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாதே. நான் லீவரை விட்டுவிட்டு அலறினேன். என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கட்டையைக் காலால் உருட்டிக் கத்திகளுக்குக் கீழே தள்ளினார்.

பாஸ் வெளியே வந்தார். அவசரமே இல்லை. துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என் வீட்டுக்காரர் ஏசிக்கொண்டிருந்தார், அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் சொன்னது கேட்டிச்சா டீச்சர்?"

"கேட்டிச்சு."

"டீச்சர் தமிழ் படிச்சவங்க. சொல்லுங்க. எப்பிடி கேட்டிச்சு? எறக்குன்னு கேட்டிச்சா, முடிஞ்சதுன்னு கேட்டிச்சா?"

இப்படி ஒரு காரியத்துக்கு என்னைக் கூட்டாளி ஆக்கினாரே என்று கோபம் வந்தது. எல்லாவற்றையும்விட, இந்தக் கையால் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேன் என்று என் புருஷன் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் பிழைவிட்ட பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"முடிஞ்சதுன்னுதான் கேட்டிச்சு பாஸ். இதுல என்ன சந்தேகம்?"

அவர் தலையை ஆட்டினார். துணியை நாலாக மடித்தார்.

"அப்ப எனக்கும் வெளங்கியிருக்கணும்" என்றார். "வெளங்குற மாதிரிதான் தம்பி சொல்லியிருக்கான்."

பிளேன்டீ கொடுத்தேன், குடித்தார். சாக்கைக் கட்டினார். கட்டையைப் பார்த்தார், எடுக்கவில்லை. மழை தொடங்குவதற்கு முன் பஸ் எடுக்க வேண்டும் என்று போய்விட்டார்.

அவர் படலையைத் தாண்டிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் சாகப் பார்த்தார் என்றுதான் என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அறியத்தான் அவர் படுத்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த விலை தன் உடம்பு மட்டும்தான். பதில் என் கையில் இருந்தது. நானும் தள்ளினேன், யாராக இருந்தாலும் தள்ளியிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவர் தலையில் பிழை போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் துணிந்து தொலைபேசி எடுத்தேன்.

"பாஸ்..."

"லிஃப்ட் நிக்குதா டீச்சர்?"

"நிக்குது பாஸ்" என்றேன். அடுத்த வசனத்தை எப்படித் தொடங்குவது என்று தேடினேன். அவர் வைத்துவிட்டார். திரும்ப எடுக்கலாம்தான். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். பரீட்சை வந்தது, திருத்த விடைத்தாள் வந்தது. அந்த ஆளை இனி வீட்டுப் பக்கம் கூப்பிடாதே என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதும் எனக்கு வசதியாகப் போயிற்று. எட்டு மாதம் இப்படியே போனது.

பிலிமத்தலாவை நானாதான் அழைத்துச் சொன்னார். கலஹாப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் பாஸ் டிராக்டர் லிஃப்ட் பார்க்கப் போயிருக்கிறார். கீழே படுத்திருக்கிறார். கட்டை வைக்கவில்லை. பாரம் அவர் மேல் இறங்கிவிட்டது. "எப்படி டீச்சர், அவர் கட்ட இல்லாம வேல செய்ற ஆளா?" என்று நானா கேட்டார். கட்டை எங்கள் கொட்டகைச் சுவரோரமாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் போனோம். சின்ன வீடு, முற்றம் நிறைய ஆட்கள். எல்லாரும் "சரி, போயிட்டாரு, என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தனியாக நின்றிருந்தார். அவர் பக்கம் யாரும் போகவில்லை. அந்தத் தோட்டத்து டிராக்டர் டிரைவர், பெயர் சுனில், நாற்பது வயதிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சிங்களவர்தான், ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார் என்றார்கள். அன்று சீட்டில் இருந்தவர் அவர்தான்.

நான் ரோட்டைக் கடந்து போனேன். பாஸை எனக்குத் தெரியும், எங்கள் டிராக்டரையும் அவர்தான் பார்த்தார், அப்போது சீட்டில் உட்காருகிறவள் நான்தான் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். அதுவரை யாருடைய முகத்தையும் பார்க்காமல் நின்றவர்.

"கைய பாருன்னாரு, பாத்துக்கிட்டேதான் இருந்தேன் டீச்சர். கைய உள்ள இழுத்துக்கிட்டாரு. பொறகு ஹரின்னாரு. சரிக்கு எங்க சிங்களத்துல ஹரி, ரெண்டும் ஒண்ணுதானே. பொலிஸ்ல கேக்குறாங்க, அப்பிடின்னா என்ன, எறக்குன்னா, முடிஞ்சதுன்னான்னு." தன் கையை விரித்துப் பார்த்தார். "எனக்கு எறக்குன்னுதான் கேட்டிச்சு. வேற மாதிரி கேட்டிருக்கணுமா?"

முற்றத்தில் பெட்டியை மூடப் போகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். கேட்க வேண்டிய மனுஷன் அதற்குள்ளே கிடந்தார். நான் அவருக்குச் சொல்லாததை இவருக்குச் சொன்னேன்.

"இல்ல சுனில். எனக்கும் ஒரு தரம் சொன்னாரு. எனக்கும் எறக்குன்னுதான் கேட்டிச்சு."

அவர் ஒரு எட்டு கிட்ட வந்தார்.

"அப்ப நீங்க ஏன் டீச்சர் எறக்கல?"

"எறக்கினேன்" என்றேன். "லீவர் அசையல."